இரண்டு பந்தயம், ஒரே சைக்கிள்

சாலைப் பந்தயத்திலும் ஓட்ட வேண்டும், டிரையத்லானிலும் ஓட்ட வேண்டும். கையில் இருக்கும் காசுக்கு ஒரு சைக்கிள்தான் வாங்க முடியும். எதை வாங்குவது? பந்தய சைக்கிள் விற்கும் கடையில் இதைக் கேட்டால் "இரண்டுக்கும் தனித்தனி சைக்கிள் வேண்டும் சார்" என்ற பதில் வரும். கடைக்காரரின் பிழைப்பு அப்படி, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. ஒரே சைக்கிள் எப்படி இரண்டானது என்பது சுவையான கதை. அந்தக் கதை தெரிந்தால் எதை வாங்குவது என்பதற்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

டிரையத்லான் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிப்பதுதான் அது. இப்போதைய வடிவில் இது முதலில் நடந்தது 1974 செப்டம்பரில், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில். கலந்துகொண்டவர்கள் 46 பேர். அவர்களில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் ஒருவர். பிறகு அவர் ஹவாய்க்குப் போனார். அங்கே ஒரு பரிசளிப்பு விழாவில் ஒரு வாக்குவாதம். யாருக்கு உடல்திறன் அதிகம், ஓட்டக்காரனுக்கா நீச்சல்காரனுக்கா? பெல்ஜியத்தின் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸின் உடல்தான் மற்ற எவரையும்விட அதிக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்று ஒரு பத்திரிகையில் படித்ததைக் காலின்ஸ் எடுத்துப் போட, பேச்சில் சைக்கிளும் சேர்ந்துகொண்டது. ஹவாயில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த மூன்று போட்டிகளை ஒட்டித் தைத்தார்கள். 3.86 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.195 கி.மீ. ஓட்டம். பெயர் அயர்ன்மேன். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டார்கள், 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆனது. இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்குக் கடைசியில் குடிக்கத் தண்ணீர் தீர்ந்துபோய், கூட வந்த நண்பர்கள் பீர் கொடுத்தார்கள் என்பது அந்தப் போட்டியைப் பற்றி இன்றும் சொல்லப்படும் கதை!

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் டிரையத்லானுக்கென்று தனி சைக்கிள் எதுவும் இல்லை. அப்படி ஒரு பொருளை உலகத்தில் யாரும் செய்யவே இல்லை. வீட்டில் இருந்தது, நண்பனிடம் வாங்கியது, கொஞ்சம் வசதி இருந்தால் வளைந்த ஹேண்டில்பார் வைத்த சாலைப் பந்தய சைக்கிள், அவ்வளவுதான்.

இந்தக் காலத்துக்குச் சரியான சாட்சி ஜான் ஹோவர்ட். 1968, 1972, 1976 என மூன்று ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஓட்டியவர். 1971 பான் அமெரிக்கன் போட்டியில் சாலைப் பந்தயத்தில் தங்கம் வாங்கியவர். அசல் சாலைப் பந்தயக்காரர். 1980ல் அயர்ன்மேன் பக்கம் வந்தார். நீச்சலில் வெகுவாகப் பின்தங்கி, சைக்கிளில் ஒவ்வொருவராகப் பிடித்து மூன்றாம் இடம். அடுத்த வருடம் நீச்சல் கற்றுக்கொண்டு வந்தார். 1981ல் 180 கி.மீ. தூரத்தை ஐந்து மணி மூன்று நிமிடத்தில் மிதித்து, மொத்தம் 9 மணி 38 நிமிடத்தில் முதலிடம். சாலைப் பந்தயத்தில் எந்த வகை சைக்கிளில் ஓட்டினாரோ அதே வகை சைக்கிள்தான். ஆக, தொடங்கிய காலத்தில் "இரண்டுக்கும் ஒரே சைக்கிள் போதுமா?" என்று யாராவது கேட்டிருந்தால் ஹோவர்ட் சிரித்திருப்பார்.

பிறகு என்ன ஆனது? காற்று!

ஆடி மாதக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சமதரையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறவரின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. அந்தக் காற்றை மறிப்பது பெரும்பாலும் சைக்கிள் அல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் உடம்பு. இதில் தப்பிக்க இரண்டே வழி. ஒன்று, இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது. (டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் சைக்கிள் விட்டவர்கள் கைதூக்கலாம்.) இன்னொன்று, உடம்பைச் சுருக்குவது.

சாலைப் பந்தயம் முதல் வழியில் வளர்ந்தது. நூறு, நூற்றைம்பது பேர் கூட்டமாக ஓட்டுவார்கள். உள்ளே இருப்பவர் முன்னால் போகிறவரைவிட நாலில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல் உழைப்பை மிச்சம் பிடிக்கலாம். அங்கே தேவை சட்டென்று திரும்பும் சைக்கிள், பிரேக்கிலிருந்து விரல் விலகாத ஹேண்டில்பார், எழுந்து நின்று மிதிக்க வசதி. டிரையத்லானில் அந்த முதல் வழியே அடைக்கப்பட்டது. முன்னால் போகிறவரிடமிருந்து இத்தனை மீட்டர் தள்ளித்தான் ஓட்ட வேண்டும், மீறினால் தண்டனை என்பது விதி. தனி மனித உழைப்பை அளக்கும் போட்டி, அதில் அடுத்தவன் முதுகு உதவக் கூடாது என்பது அதன் நியாயம். அதனால் டிரையத்லான்காரர்களுக்கு மிச்சம் இருந்தது இரண்டாவது வழி மட்டும்தான். இரண்டு சைக்கிள்களும் பிரிந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இரும்பிலோ அலுமினியத்திலோ தேட வேண்டாம்.

உடம்பைச் சுருக்கும் வித்தை பனிச்சறுக்கிலிருந்து வந்தது. பூன் லென்னன் அமெரிக்கப் பனிச்சறுக்கு அணியின் பயிற்சியாளராக இருந்தவர். மலைச்சரிவில் சறுக்கி இறங்குகிறவர்கள் கைகளை முன்னால் நீட்டி, முழங்கைகளை நெஞ்சோடு ஒடுக்கி, முட்டை வடிவில் குனிவார்கள். இதையே சைக்கிளில் செய்தால் என்ன என்று அவர் யோசித்தார். ஹேண்டில்பாரில் முழங்கை வைக்க இரண்டு பஞ்சுத் திண்டு, கை பிடிக்க முன்னால் நீண்டு வளைந்த குழாய். ஸ்காட் நிறுவனம் 1987ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று இதற்கு ஏரோபார் என்று பெயர். யோசனை அவருடையது மட்டுமல்ல. 1986ல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில் வென்ற பீட் பென்சீரஸும் முழங்கையைத் தாங்கும் ஹேண்டில்பார் வைத்துத்தான் ஓட்டினார். எட்டு நாளுக்கு மேல் சைக்கிளிலேயே இருக்கிறவருக்கு வேகத்தோடு ஓய்வும் வேண்டுமே.

டிரையத்லான்காரர்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் காக்க வேண்டிய பாரம்பரியம் எதுவும் இல்லை, விளையாட்டுக்கே வயது பதின்மூன்றுதான். ஐரோப்பியச் சாலைப் பந்தயக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நீச்சலுடையோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் நாம் என்ன கற்பது என்ற எண்ணம்.

அந்த எண்ணத்துக்கு விலை கொடுத்தவர் லோரான் ஃபீன்யோன்.

1989 டூர் டி பிரான்ஸ். ஜூலை 23, கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸ் நகரின் நடுவே வரை 24.5 கி.மீ. ஒவ்வொருவராகப் புறப்பட்டு, கடிகாரத்தை மட்டும் எதிர்த்து ஓட்டும் டைம் டிரையல். பிரான்ஸின் ஃபீன்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். 1983லும் 1984லும் டூரை வென்றவர். அவரைத் துரத்தியவர் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட். 1986ல் டூரை வென்று, 1987 ஏப்ரலில் வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாகச் சுடப்பட்டு, உடம்பில் சிதறிய ஈயக் குண்டுகளில் பலவற்றைச் சுமந்துகொண்டே திரும்பி வந்தவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபீன்யோன் தோற்க வேண்டுமானால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு விநாடிக்கு மேல் இழக்க வேண்டும். நடக்காத காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

லெமாண்டின் சைக்கிளில் டிரையத்லான்காரர்களின் ஏரோபார் இருந்தது. அதே டூரின் ஐந்தாம் கட்டத்தில், 73 கி.மீ. டைம் டிரையலில், அதை வைத்து ஏற்கெனவே ஜெயித்திருந்தார். ஆக ஃபீன்யோனுக்கு அது தெரியாத ரகசியம் அல்ல. யோசிக்கப் பல நாள் இருந்தது. சீட், பெடல், ஹேண்டில்பார் என மூன்று இடங்களில்தான் உடம்பு தாங்கப்படலாம், முழங்கைத் திண்டு நாலாவது அல்லவா என்ற ஆட்சேபம் அவருக்கு இருந்தது. நடுவர்கள் அனுமதித்துவிட்டார்கள். அனுமதித்த பிறகு அவரும் ஒன்றை மாட்டியிருக்கலாம், மாட்டவில்லை. முன்னும் பின்னும் மூடிய டிஸ்க் சக்கரம், கொம்பு போன்ற பழைய ஹேண்டில்பார், தலையில் ஹெல்மெட் இல்லாமல் காற்றில் ஆடும் குதிரைவால் முடி. இந்தக் கோலத்தில் அவர் புறப்பட்டார்.

லெமாண்ட் 26 நிமிடம் 57 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 54.5 கி.மீ. ஃபீன்யோன் 27 நிமிடம் 55 விநாடி. வித்தியாசம் 58 விநாடி. மூன்று வாரம், 3,200 கி.மீ.க்கு மேல் ஓட்டி முடித்த டூர் எட்டே விநாடியில் கைமாறியது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். "ஏரோபார்தான் டூரை வென்றது" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஃபீன்யோனுக்கு உட்காரும் இடத்தில் புண், வலியோடுதான் ஓட்டினார். லெமாண்ட் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட் போட்டிருந்தார். தவிர லெமாண்டின் கால்கள் என்று ஒன்று இருக்கிறதே! 58 விநாடியில் அந்தக் குழாய்க்கு எத்தனை, கால்களுக்கு எத்தனை என்று பிரித்துக் கணக்கு எழுத முடியாது. ஆனால் எட்டு விநாடியைத் தாண்டியிருக்குமா என்று கேட்டால், தாண்டியிருக்கும் என்று சொல்வதே நியாயம். ஃபீன்யோன் 2010ல் இறந்தார். இரண்டு முறை டூரை வென்றவரை உலகம் எட்டு விநாடியில் தோற்றவராகவே நினைவில் வைத்திருக்கிறது, பாவம்.

அதே வருடம் அக்டோபரில் ஹவாய் அயர்ன்மேனில் மார்க் ஆலனும் டேவ் ஸ்காட்டும் காலையிலிருந்து எட்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்திலேயே போட்டி போட்டார்கள். கடைசி ஓட்டத்தில் மலைமேடு ஒன்றில் ஆலன் விலகினார். எத்தனை விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார் தெரியுமா? அங்கேயும் 58! வெறும் தற்செயல்தான், ஆனால் 1989 இரண்டு விளையாட்டுக்கும் மறக்க முடியாத வருடம்.

அந்த ஜூலைக்குப் பிறகு சாலைப் பந்தயக்காரர்களும் டைம் டிரையலுக்கு ஏரோபார் மாட்டத் தொடங்கினார்கள். அப்படியே போயிருந்தால் இரண்டு சைக்கிள்களும் மறுபடி ஒன்றாகியிருக்கும். ஆகவில்லை. காரணம் சீட்.

சாதாரண சாலை சைக்கிளில் ஏரோபாரை மாட்டி முழங்கையை வைத்துக் குனிந்தால், மேலே வரும் தொடை வயிற்றை முட்டும். மூச்சு திணறும், மிதி தளரும். குனிந்த உடம்பை அப்படியே முன்னால் உருட்டி வைத்தால், அதாவது சீட்டையே முன்னால் தள்ளினால், தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே இடைவெளி திரும்பக் கிடைக்கும். சாலை சைக்கிளில் சீட்டைத் தாங்கும் குழாய் தரையோடு 73 டிகிரி வாக்கில் சாய்ந்திருக்கும். கலிபோர்னியாவைச் சேர்ந்த டேன் எம்ஃபீல்ட் இதை 80 டிகிரி அளவுக்கு நிமிர்த்தினார். நீச்சலுக்கான ரப்பர் உடை விற்பதற்காக 1987ல் அவர் தொடங்கிய குவின்டானா ரூ நிறுவனம், 1989ல் சூப்பர்ஃபார்ம் என்ற சைக்கிளை வெளியிட்டது. சற்றே சின்ன சக்கரம், நிமிர்ந்த சீட், ஏரோபாருக்கென்றே அளவெடுத்த பிரேம். டிரையத்லானுக்கென்றே பிறந்த முதல் சைக்கிள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். சீட் முன்னால் இருந்தால் இறங்கி ஓடும்போது கால் இலகுவாக இருக்கும் என்று டிரையத்லான்காரர்கள் பலர் சத்தியம் செய்வார்கள்.

ஆனால் இதில் உடம்பின் பாரம் முன் சக்கரத்தில் இறங்குகிறது, கை பிரேக்கிலிருந்து தள்ளி இருக்கிறது. தனியாக நேர்ச்சாலையில் போகும்வரை பிரச்சினை இல்லை. நூறு பேர் நடுவே, முன்னால் ஒருவர் திடீரென்று பிரேக் அடித்தால்? 1990களின் நடுவில் சாலைப் பந்தயக்காரர்கள் இதையும் முயன்று பார்த்தார்கள். இத்தாலியின் சினெல்லி நிறுவனம் ஸ்பினாச்சி என்ற குட்டிக் குழாயை விற்றது, கூட்டப் பந்தயத்தில் அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலக சைக்கிள் சங்கம் அதைத் தடை செய்தது.

உலக சைக்கிள் சங்கத்துக்குத் தடை புதிதல்ல. 1933ல் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் மல்லாந்து படுத்து ஓட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ. கடந்து சாதனை செய்தபோது, அடுத்த வருடமே "இது சைக்கிளே அல்ல" என்று சொல்லிவிட்டார்கள். 1993ல் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ தானே செய்த சைக்கிளில், கைகளை நெஞ்சுக்கு அடியில் மடக்கி வைத்து 51.596 கி.மீ. ஓட்டி ஒரு மணி நேரச் சாதனையைப் பிடித்தார். 1994ல் அந்த நிலை தடை. அடுத்து கைகளைச் சூப்பர்மேன் மாதிரி நீட்டினார். அதுவும் தடை. 1996 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஒரு சாசனம் எழுதினார்கள். சாரம் இதுதான்: ஜெயிக்க வேண்டியது மனிதன், இயந்திரம் அல்ல. 2000ம் ஆண்டு முதல் அது விதிகளாக நடைமுறைக்கு வந்தது. முன் மூக்கோணம், பின் மூக்கோணம் என்று சைக்கிள் பழைய வடிவத்தில்தான் இருக்க வேண்டும். எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. சீட்டின் நுனி, பெடல் சுழலும் அச்சுக்கு நேர்மேலே இழுத்த கோட்டிலிருந்து குறைந்தது 5 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும் என்பதும் அன்று விதியாக இருந்தது.

அந்த 5 செ.மீ. எம்ஃபீல்டின் 80 டிகிரி சீட்டை நேராகத் தாக்கியது. டிரையத்லான் அமைப்புகளோ இதைப் பின்பற்ற மறுத்தன. அங்கே சீட் ட்யூப் இல்லாத சைக்கிள், காற்றில் தொங்கும் தண்டில் சீட் வைத்த சைக்கிள் எல்லாம் தொடர்ந்து ஓடின. 2016ல் செர்வெலோ நிறுவனம் வெளியிட்ட பி5எக்ஸ் பார்ப்பதற்கே விமானத்தின் வால் போல இருக்கும். சாலைப் பந்தயத்தில் அதைத் தொடக்கக் கோட்டில் நிறுத்தவே விடமாட்டார்கள்.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது இங்கேதான். இந்தத் தடை ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்கிறது. சாலை சைக்கிளோடு டிரையத்லானுக்குப் போனால் யாரும் தடுப்பதில்லை. டிரையத்லான் சைக்கிளோடு சாலைப் பந்தயத்துக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். டைம் டிரையல் தவிர்த்துக் கூட்டமாகப் புறப்படும் எந்தச் சாலைப் பந்தயத்திலும் ஏரோபார் கூடாது. வணிகவியல் வகுப்பில் சொல்வது போல, ஒன்று இரண்டு சந்தையிலும் செல்லும் நாணயம், மற்றது ஒரே சந்தையில் செல்லும் டோக்கன். ஒரு சைக்கிளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இந்த வித்தியாசத்துக்கு முன்னால் பிரேமின் எடை, காற்றுச்சுரங்கச் சோதனை எல்லாம் பின்னால்தான் வரும்.

டிரையத்லான் அன்று சாலை சைக்கிளில் கழற்றி மாட்டும் ஏரோபாரைப் பொருத்தி, சீட்டைச் சில சென்டிமீட்டர் முன்னால் தள்ளிக்கொள்ளலாம். முன்னால் தள்ளினால் பெடல் கிட்டே வந்துவிடும், எனவே சீட்டைக் கொஞ்சம் உயர்த்தவும் வேண்டும். பழைய அளவை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளாதவர்கள் அடுத்த சாலைப் பந்தயத்தில் முழங்கால் வலியோடு திரும்புவார்கள். நிஜமான டிரையத்லான் சைக்கிளின் சொகுசு இதில் வராது, 180 கி.மீ. தூரத்தில் அந்தக் குறை நன்றாகவே தெரியும். 40 கி.மீ.யில் அவ்வளவாகத் தெரியாது.

இரண்டையும் ஒன்றில் அடக்க முயன்ற நிறுவனமும் உண்டு, அதுவும் இதே செர்வெலோதான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் செய்த சோலோயிஸ்ட் என்ற சாலை சைக்கிளில் சீட்டைத் தாங்கும் தண்டின் தலையை மாற்றி மாட்டலாம். ஒரு நிலையில் 73 டிகிரி, சாலைப் பந்தயத்துக்கு. மறு நிலையில் 76 டிகிரி, டிரையத்லானுக்கு. ஒரு ஸ்பேனர் போதும். 2003 முதல் சிஎஸ்சி அணி டூரில் ஓட்டியதும் இந்த சோலோயிஸ்ட்தான். அந்தத் தண்டு மாணவர்களுக்கென்றே யோசித்துச் செய்தது போல இருக்கும்!

இதற்கிடையே டிரையத்லானுக்குள்ளேயே ஒரு திருப்பம் நடந்திருந்தது. 1994ல் ஒலிம்பிக்கில் சேர்க்க ஒப்புதல் கிடைத்தது. கூட்ட நெரிசலில் யார் யார் பின்னால் ஒட்டுகிறார்கள் என்று நடுவர்களால் கண்காணிக்க முடியவில்லை. 1995ல் உலக டிரையத்லான் சங்கம், முன்னணி வீரர்களுக்கு மட்டும் அந்தத் தடையை நீக்கியது. முதுகுக்குப் பின்னால் ஒட்டலாம்! தனி மனித உழைப்பு என்ற பழைய நியாயத்தை விற்றுவிட்டார்கள் என்று பலர் கொதித்தார்கள், அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் கூட்டம் வந்ததும் கூட்டத்துக்கான சைக்கிளும் கூடவே வந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில், சைக்கிள் கட்டத்தில் ஒரு விபத்தில் சிக்கியும் எழுந்து துரத்தி ஓட்டத்தில் தங்கம் வென்ற கனடாவின் சைமன் விட்ஃபீல்ட் ஓட்டியது வளைந்த ஹேண்டில்பார் வைத்த சாலை சைக்கிள். பிரேக் பிடியைத் தாண்டி நீளாத குட்டி ஏரோபார் மட்டும் அந்தப் பிரிவில் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2023ல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஒலிம்பிக் டிரையத்லான் வீரரின் சைக்கிளையும் சாலைப் பந்தயக்காரரின் சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், எது யாருடையது என்று ஜான் ஹோவர்டாலும் சொல்ல முடியாது.